இடது காதுத் தோடு

ஊஞ்சக்காட்டில் பாப்பாத்தியம்மாளின் கழுத்துச் சங்கிலி முதல் தடவையாக ஒரு கண்ணி வளர்ந்தபோது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் விசைத்தறி ஓடுகிற சத்தத்தில் அந்த ஊர்க்காரர்கள் எதையுமே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை; பக்கத்தில் நிற்கிறவனிடம் தண்ணீர் கேட்பதென்றால் கட்டைவிரலை வாய்க்கு நேராக ஆட்டுவார்கள், எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிடுவதென்றால் கழிவு நூலைச் சுருட்டி அவள் முதுகில் எறிவார்கள், சண்டை என்றால்கூட பாதிச் சண்டை கையால்தான். கல்யாணம் பேசுவதும் காது குத்துவதும் சாவுக்கு அழுவதும் அந்தச் சத்தத்துக்குள்ளேயே நடந்தன. தறி நின்றால்தான் அவர்களுக்குத் திக்கென்று இருக்கும்.

அந்தச் சங்கிலி சும்மா கிடந்து வளரவில்லை. பிள்ளைகளுக்குக் காதுக்குக் கீழே தாடையோரம் வீங்கி, கன்னம் உப்பி, எச்சில் விழுங்க முடியாமல் அழுதால் அதைப் பொன்னுக்கு வீங்கி என்பார்கள், கழுத்தில் பொன்னைப் போட்டால் வற்றிவிடும் என்பார்கள், இது ஊர் உலகத்தில் எல்லோரும் சொல்வதுதான். மற்ற ஊர்களில் அவரவர் வீட்டு நகையை எடுத்து அவரவர் பிள்ளைக்குப் போடுவார்கள். ஊஞ்சக்காட்டில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்கள் வீட்டில் நகை தங்குவதில்லை, ஆகையால் தறிப்பட்டறை முதலாளி வீட்டம்மாள் பாப்பாத்தியின் கனத்த சங்கிலிதான் வீடு வீடாகப் போகும். ஒரு கழுத்திலிருந்து இறங்கி அடுத்த கழுத்தில் ஏறும். பிள்ளைகள் அதை வாயில் போட்டுச் சப்பும், கடிக்கும், ஒழுகுகிற எச்சிலோடு அதைக் கட்டிக்கொண்டு தூங்கும். அடுத்த வீட்டுக்குப் போகுமுன் மஞ்சள் தண்ணீரில் ஒரு முக்கு. அதுவும் ஞாபகம் இருந்தால்தான்.

ஒரு பங்குனியில், தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிறவர் வீட்டுப் பையனின் வீக்கம் வற்றிச் சங்கிலி திரும்பி வந்தபோது, எப்போதும் நெஞ்சுக்குழியோடு நிற்பது ஒரு விரற்கடை கீழே இறங்கி நின்றது. பாப்பாத்தியம்மாள் அதை ஆறுமுக ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"இந்தக் கண்ணிய எங்கீங்கம்மா பத்த வெச்சீங்க? பத்துன தடமே காணமே," என்றார் ஆசாரி.

"நா எங்க பத்த வெச்சன்? பாவுக்காரன் பையனுக்குப் போட்டு வந்துச்சு."

ஆசாரி உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பிறகு முருங்கை துளிர்த்ததைச் சொல்வதுபோல, "அப்ப வளந்திருக்குதுங்," என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குத் திரும்பினார்.

அடுத்த பிள்ளைக்குப் போட்டார்கள், இன்னொரு கண்ணி வளர்ந்தது. அதற்கடுத்த பிள்ளைக்கும் அப்படியே. வளர்ந்தது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை, வளர்ந்தது யாருக்கு என்றுதான் கேட்டார்கள். எங்கள் பிள்ளை வீங்கி வளர்ந்த பொன் என்றார்கள் பெற்றவர்கள், என் சங்கிலியில் முளைத்த பொன் என்றாள் பாப்பாத்தியம்மாள், மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடி, கையாட்டிக் கையாட்டிப் பேசி, கடைசியில் கண்ணி பிள்ளையின் வீட்டுக்கு, தேங்காய் பழத் தட்டும் முதல் மரியாதையும் பாப்பாத்தியம்மாளுக்கு என்று முடிவு செய்தார்கள். நல்ல முடிவுதான். ஊரே மெச்சிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஊஞ்சக்காடு வீக்கத்துக்குப் பழகிய விதம் இருக்கிறதே, அதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சௌக்கியமா என்று கேட்பதை விட்டுவிட்டு, உங்க வீட்ல வீங்கிருச்சுங்களா என்று கேட்க ஆரம்பித்தார்கள். வீங்கிய பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டு ஸ்டுடியோவில் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார்கள், கன்னம் தெரிகிற மாதிரி பக்கவாட்டில். கரூரிலும் ஈரோட்டிலும் கட்டிக்கொடுத்த மகள்கள் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, வீங்கும்வரை தங்கிப் போனார்கள். தானாக ஒட்டட்டும் என்று காத்திருக்கப் பொறுமை இல்லாமல் வாய்மாற்று என்று ஒரு சடங்கையும் உண்டாக்கினார்கள். வீங்கிய பிள்ளை மென்று துப்பிய தயிர்ச்சோற்றை வெள்ளிக் கரண்டியில் எடுத்து, வீங்காத பிள்ளைக்கு ஊட்டிவிடுவது, ஊட்டும்போது பெண்கள் குலவை போடுவது. எந்தக் காலத்துச் சடங்கு என்று கேட்டால் முப்பாட்டன் காலத்துச் சடங்கு என்று முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் தலைக்கேறிக் கழுத்து விறைத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தது. அந்த வீட்டுக் கண்ணி மற்றவர்களுடையதைவிடக் கனமாக இருந்தது என்றுதான் ஊர் பேசிக்கொண்டது.

ஒரு கண்ணிப் பொன்னில் ஒரு தோடுதான் வரும், சோடி வராது. அதனால் ஊஞ்சக்காட்டுப் பெண்கள் இடது காதில் பொன் தோடும் வலது காதில் கவரிங் தோடுமாக, இரண்டாவது பிள்ளை வீங்கக் காத்துக்கொண்டு நடமாடினார்கள். இரண்டு காதிலும் பொன் போட்டவளுக்குக் குழாயடியில் வழி விட்டார்கள்.

நவமணியும் அப்படி ஒற்றைத் தோட்டுக்காரிதான். தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. புருஷன் செங்கோட்டுவேலு பாப்பாத்தியம்மாள் பட்டறையிலேயே தறி ஓட்டினான். மூத்தவள் இனியா மூன்றாம் வகுப்பு, சின்னவன் கவின் இன்னும் பள்ளிக்கூடம் போகாத பொடியன். இனியாவுக்குத் தை மாதம் வீங்கியது. காய்ச்சலும் வாந்தியுமாகக் கிடந்து, சங்கிலி போட்டு, வற்றி, எழுந்து விளையாடப் போனாள். வளர்ந்த கண்ணியை ஆசாரி தோடாக அடித்துக் கொடுத்தார். போட்ட நாளிலிருந்து நவமணிக்கு இடது காதில் லேசாக ஒரு குறுகுறுப்பு. குறும்பி என்று நினைத்து எண்ணெய் விட்டாள். ஊரில் பாதிப் பெண்கள் எண்ணெய்தான் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பேருந்து நிறுத்தத்துப் பக்கம் சின்னதாக மருத்துவமனை வைத்திருந்த டாக்டர் ஹேமாவதி இதையெல்லாம் பார்த்துப் பொறுக்கமாட்டாமல், ஓர் அறக்கட்டளையிடம் கேட்டு இந்த வீக்கத்துக்கான தடுப்பூசியை வரவழைத்து, கோயில் மைதானத்தில் ஒலிபெருக்கி வைத்துப் பேசினாள். இது வைரஸால் வருகிறது, கழுத்தில் போடுகிற பொன்னால் வற்றுவதில்லை, எச்சிலில் ஒட்டும், பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகச் சரியாகிவிடும். ஆனால் சிலருக்கு மூளைக்காய்ச்சல் வரும், வளர்ந்த பையன்களுக்கு விதை வீங்கும், அபூர்வமாகச் சிலருக்கு ஒரு பக்கத்துக் காது அடியோடு போய்விடும், போனால் எந்த மருந்துக்கும் திரும்பாது என்றாள்.

"அபூர்வமாத்தானுங்களே?" என்று கேட்டான் செங்கோட்டுவேலு.

"ஆமாம், அபூர்வமாகத்தான். அந்த அபூர்வம் உங்கள் பிள்ளையாக இருந்தால்?"

"ஊசி போட்டுக்கிட்டா வீங்காதுங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

"பெரும்பாலும் வீங்காது," என்றாள் டாக்டர் சந்தோஷமாக.

அந்தச் சொல்லோடு கூட்டம் கலைந்தது. ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள் பீகாரிலிருந்து வந்து தறி ஓட்டுகிறவர்களின் பெண்டாட்டிகள் மட்டும்தான். அவர்கள் பிள்ளைகளுக்குச் சங்கிலியை யாரும் கொடுத்ததில்லை. பொன்னின் அருமை தெரியாத சனம் என்று ஊர் அவர்களைக் கேலி செய்தது. இனியாவோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற ரிங்கி என்ற பெண் பிள்ளை ஊசி போட்ட கையைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு தெருவில் திரிந்தாள்.

பிறகு பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாக மாறினார்கள். பேசினால் கோழி பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்தார்கள். போனை வலது காதில்தான் வைத்தார்கள். வகுப்பில் வாத்தியார் தங்களுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே சுவரோரமாக நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள், சண்டை தீராமல் தலைமை ஆசிரியர் மேசையையே நகர்த்திப் போட்டுவிட்டார். கண்ணைக் கட்டி விளையாடினால் கட்டியவன் யாரையும் பிடிக்க முடியாமல் எதிர்மூலையில் போய்த் தடவிக்கொண்டு நின்றான், ரிங்கி வகையறா கட்டினால் மட்டும் உடனே பிடித்தார்கள், அதனால் அவர்களை ஆட்டத்துக்கே சேர்க்கவில்லை. ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. பிள்ளைக்கு வலப்பக்கம் நின்று பேசுவது மரியாதை என்றானது, அம்மாக்கள் பிள்ளைக்கு வலப்பக்கமாகவே நடந்தார்கள், கோயில் பூசாரி மணியைக் கழற்றி வலப்பக்கத் தூணில் மாட்டினார். என்ன ஏது என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே! தறிச் சத்தம், அதனால்தான் பிள்ளைகளுக்கு மந்தமாகக் கேட்கிறது என்றார்கள், தலைமுறை தலைமுறையாக அதே சத்தத்தில் இரண்டு காதோடு வளர்ந்தவர்கள்.

தறிகள் நின்றிருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்கும். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவது வழக்கம், ஆனால் சங்கிலி வளர ஆரம்பித்ததிலிருந்தே அடுத்தடுத்துத் தேர்தல் வந்ததால், ஓட்டு எண்ணி முடிகிறவரை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம், ஓடின தறி ஓடினபடி இருந்தது. பொங்கலுக்கு நின்ற தறிகளுக்குப் பதிலாக ஒலிபெருக்கிகள் அலறின. எல்லாம் முடிந்து முதல் தடவையாகக் கரண்டை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்த நாளில்தான், டாக்டர் ஹேமாவதி மனம் தளராமல் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது முகாம் வைத்தாள். அதே காலையில்தான் பாப்பாத்தியம்மாள் வீட்டில் கவினுக்கு வாய்மாற்று வைத்திருந்தது.

பாப்பாத்தியம்மாளின் பேத்தி, கரூரிலிருந்து வந்தவள், இரண்டு கன்னமும் உப்பிச் சங்கிலியோடு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். நவமணி கவினுக்குத் தலை வாரிப் பொட்டு வைத்து மடியில் உட்கார்த்தியிருந்தாள். வலது காதின் கவரிங் தோடு கறுத்துப்போயிருந்தது, செங்கோட்டுவேலு காலையில்கூட அதைச் சொல்லித்தான் அனுப்பினான். பேத்தி மென்று துப்பியதைப் பாப்பாத்தியம்மாள் வெள்ளிக் கரண்டியில் எடுத்தாள்.

"ஆ காட்டு சாமி. ஆத்தாளுக்குச் சோடித் தோடு வாங்கிக் குடுக்கற ராசாவல்ல நீயி?"

கவின் வாயைத் திறந்தான். கரண்டி அவன் உதட்டுக்கு வந்தது. கரண்ட் போயிற்று.

தறிகள் ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து நின்றன. ஊஞ்சக்காட்டுக்காரர்கள் ஒரு வருடத்துக்கு மேலாகக் கேட்டிராத ஓர் அமைதி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிட்டதை நவமணி முதல் தடவையாகக் கேட்டாள். அதற்கப்புறம் இடது காதில் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டாள்.

வாசலில் பிள்ளைகள் யாரும் இல்லை. கூச்சல் தோட்டுக்குள்ளிருந்து வந்தது. செருப்பில்லாத கால்கள் ஓடுகிற சத்தம், யாரோ எண்ணுகிற சத்தம், கிட்டத்தில், காதோடு காதாக, ரிங்கியின் குரல் "இனியா, ஹட், ஹட், லாரி!" என்று விலகச் சொல்லி இந்தியில் கத்தியது. அந்தக் கத்தலுக்குப் பின்னால் ஒரு ஹாரன். நவமணியின் வலது காதுக்கு அதே ஹாரன் தெருக்கோடியில், பள்ளிக்கூடத்துப் பக்கம், எங்கோ லேசாகக் கேட்டது. இடது காதுக்கு அது தலைக்கு மேலேயே வந்துகொண்டிருந்தது. தனக்குக் கேட்பது இனியாவுக்குக் கேட்க வேண்டியது என்பதும், அது அவளுக்குக் கேட்கவில்லை என்பதும் நவமணிக்குப் புரிந்தது. எப்படிப் புரிந்தது என்று கேட்காதீர்கள், பெற்றவளுக்குப் புரிந்தது. கரண்டியைத் தட்டிவிட்டாள், சோறு பாப்பாத்தியம்மாளின் சேலையில் விழுந்தது, கவினை இடுப்பில் அள்ளிக்கொண்டு தெருவில் ஓடினாள்.

முகாமுக்காக வகுப்பை விட்டிருந்ததால் பிள்ளைகள் ரோட்டில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நூல் மூட்டை ஏற்றிய லாரி அவர்களுக்கு இடப்பக்கத்திலிருந்து வந்தது. ஹாரன் அடித்தான். பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அது வலது காதில் மட்டும் கேட்டது. வலது காதில் கேட்டால் லாரி வலப்பக்கம்தானே இருக்க வேண்டும்? ஆகவே ஊஞ்சக்காட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றுபோல் திரும்பி, தப்பித்துக்கொள்வதற்காக, லாரியைப் பார்த்து ஓடினார்கள். நவமணி அதைக் கண்ணால் பார்த்தாள். பள்ளிக்கூட வாசலில் நின்ற டாக்டரும் பார்த்தாள். ஒரு கூட்டம் பிள்ளைகள் சக்கரத்தை நோக்கி உயிர் பிழைக்க ஓடியதை நானும் பார்த்தேன், இன்றைக்கும் சோறு உண்ணும்போது அது ஞாபகம் வந்தால் கை நின்றுவிடுகிறது.

எதிர்ப்பக்கம் ஓடிய பிள்ளைகள் பீகார்க்காரர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான். அவர்களில் ரிங்கி திரும்பி வந்து இனியாவின் சடையைப் பிடித்து இழுத்தாள், இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள், லாரி கிறீச்சிட்டுச் சாய்ந்து நின்றது. டிரைவர் இறங்கி ரோட்டிலேயே உட்கார்ந்து வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதான். இனியாவின் புத்தகப்பை சக்கரத்துக்கடியில் இருந்தது.

நவமணி மகளைத் தூக்கித் தடவிப் பார்த்தாள். முழங்கால் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை.

"எதுக்கு கண்ணு அங்க ஓடுன? லாரி வர்றது தெரியலியா?"

"அது அந்தப் பக்கமிருந்துதானம்மா வந்துச்சு," என்று இனியா ஒன்றுமில்லாத வெறும் ரோட்டைக் காட்டினாள். மற்றப் பிள்ளைகளும் அங்கேயே கையைக் காட்டினார்கள்.

டாக்டர் ஹேமாவதி பிள்ளைகளை வகுப்பறைக்குள் கூட்டிப் போனாள். ஊர்ப் பெண்கள் இடது காதைப் பொத்திக்கொண்டு ஒவ்வொருத்தியாக ஓடிவந்து வாசலில் நின்றார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. டாக்டர் முதலில் இனியாவை முதுகு காட்டி நிற்க வைத்து, வலது காதைக் கையால் இறுக்கிப் பொத்தி, இடது காதுக்குள் உதட்டை வைத்து மெல்லக் கேட்டாள். என்ன கேட்டாள் என்பது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கவில்லை. இனியா சுவரிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"இனியா," என்றாள் வாசலில் நின்ற நவமணி.

டாக்டர் நிமிர்ந்தாள். "யார் அது பதில் சொன்னது?"

"நீங்கதானுங்களே கேட்டீங்க, உம் பேரென்ன கண்ணுன்னு," என்றாள் நவமணி. "எனக்குக் கேட்டுச்சுங்."

அடுத்த பிள்ளையின் இடது காதில் டாக்டர் கிசுகிசுத்தாள். வாசலில் அந்தப் பிள்ளையின் அம்மா, தன் இடது காதைப் பிடித்துக்கொண்டு, "பால் சோறு," என்றாள். அதற்கடுத்த பிள்ளைக்கு அதன் அம்மா, "நாய்க்குட்டி," என்றாள். அதற்கடுத்த பிள்ளைக்குக் கேட்டபோது அதன் அம்மா வாய்விட்டு அழுதாள். டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எந்த ஊரிலும் இப்படி இல்லை, அபூர்வம் என்றுதானே படித்தேன், அபூர்வம் என்றுதானே சொன்னேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உயிரோடிருக்கிற பிள்ளைகளின் செத்துப்போன காதுகளை நாங்கள் தோடாக அடித்துப் போட்டிருக்கிறோம் என்பது அந்த வகுப்பறையில் எல்லோருக்கும் தெரிந்தது.

நவமணி தோட்டைக் கழற்றி மகளின் இடது காதில் போட்டுவிட்டுப் பின்னால் நின்று கூப்பிட்டாள்.

"கேக்குதா கண்ணு?"

இனியா திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திரும்பினாள். "கனமா இருக்குதும்மா. எடுத்துடு."

தோட்டை உருக்கினாலாவது காது திரும்புமா என்று மகளையும் இழுத்துக்கொண்டு ஆசாரியிடம் ஓடினாள். அவர் அதைக் குறட்டால் பிடித்துத் தீயில் காட்டியதும், ரோட்டில் நின்ற இனியா இடது காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டாள். கேட்காத காது, வலிக்க மட்டும் தெரிந்திருக்கிறது. ஆசாரி குறட்டைக் கீழே போட்டார்.

"போட்டுக்கிட்டே இரு தாயி. என்னால ஆவாது," என்று தோட்டைத் தண்ணீரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

செங்கோட்டுவேலு பட்டறையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்து எல்லாவற்றையும் கேட்டான். ஆண்பிள்ளை, உடனே ஒப்புக்கொள்ள முடியுமா? "சரி, போனது போச்சு. ஊர்ல எல்லாப் பொடுசுகளும் ஒத்தக் காதோடதான் இருக்குது, நல்லாத்தான் இருக்குது. கவினுக்கு முடிச்சுட்டா உனக்குச் சோடி ஆயிரும்," என்றான்.

நவமணி அவனை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. தோட்டை அவன் காதோடு வைத்து அழுத்தி, பிடிச்சுக்குங் என்று சைகை காட்டிவிட்டு, பள்ளிக்கூட மரத்தடியில் ரிங்கியோடு உட்கார்ந்திருந்த மகளிடம் நடந்து போய், அவளுக்கு இடப்பக்கமாகக் குனிந்து, மெதுவாக என்னவோ சொன்னாள். இனியா கூழாங்கல்லை அடுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரக்கூட இல்லை. அத்தனை தூரத்தில் நின்ற செங்கோட்டுவேலுவின் முகம் வெளுத்தது. அவள் என்ன சொன்னாள் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. கவினை அவள் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு நேராகப் போய், பீகார்ப் பெண்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றான். ஊசி குத்தியதும் கவின் போட்ட கூச்சலுக்கு ஊரே திரும்பிப் பார்த்தது. அப்படி ஒரு கூச்சலை அமைதியான ஊரில் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அந்த வரிசையில் அவனுக்குப் பின்னால் ஊஞ்சக்காட்டு ஆட்கள் இன்னும் கொஞ்சம் பேர் வந்து நின்றார்கள். எல்லோரும் அல்ல. சாயங்காலம் கரண்ட் வந்தது, தறிகள் ஓடின, முந்தானையில் முடிந்து வைத்திருந்த தோடுகளைப் பெண்கள் எடுத்துப் பார்த்தார்கள். இப்போது ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்றால் ஒன்றும் இல்லை. பாதிப் பேர் அப்போதே திரும்பப் போட்டுக்கொண்டார்கள். பேத்திக்கு வீக்கம் வற்றப்போகிறது, வாய்மாற்று வைக்க வேண்டியவர்கள் சீக்கிரம் வரலாம் என்று பாப்பாத்தியம்மாள் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். போனார்கள்! லாரியைக் கண்ணால் பார்த்தவர்களே போனார்கள். கண்ணி வளர்ந்ததுகூட எனக்கு ஆச்சரியம் இல்லை, பொன் பேசியதுகூட இல்லை. அன்று சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நின்றவர்கள்தான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

நவமணி மட்டும் தோட்டைப் பொழுதுக்கும் போட்டிருந்தாள், அந்தக் காதுக்கு வருவதைக் கேட்க ஒருத்தியாவது வேண்டும் என்று. இனியா பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது இவள் நூல் சுற்றுகிற ராட்டை எதிரில் கண்ணை மூடிக்கொண்டு, தறிச் சத்தத்துக்கடியில் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள்.

ஆவணியில் பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாணம். தறி இல்லாத ஊர், மண்டபத்தில் சாப்பாடு முடிந்து எல்லோரும் நாற்காலியில் சாய்ந்திருந்தார்கள். தோட்டுச் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு வந்த ஊஞ்சக்காட்டுப் பெண்களுக்கு நடுவில், பேரப்பிள்ளைகள் வளர்த்த கண்ணிகளோடு சங்கிலி இன்னும் கீழே இறங்கித் தொங்கப் பாப்பாத்தியம்மாள் உட்கார்ந்திருந்தாள். நவமணியின் வலது காதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏ புள்ள, இன்னுமா அந்தக் காதுல பித்தாள? எங்க போச்சு உன்ற சோடி?"

மண்டபத்தின் அந்தக் கோடியில் ஐஸ்கிரீம் கொடுக்கிற இடத்தில் இனியாவும் கவினும் கையைப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் இவளுக்குத் தெரிகிற மாதிரி நின்றிருந்தார்கள். "இனியா," என்று நவமணி சாதாரணக் குரலில் கூப்பிட்டாள். இனியா திரும்பவில்லை. கூப்பிட்ட குரல், அத்தனை தூரம் போய், ஐஸ்கிரீம் கேட்கிற பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவில், தோட்டின் வழியாக நவமணியின் காதுக்கே திரும்பி வந்தது. தன் குரல் மகளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

"கவினு," என்றாள், அதே குரலில்.

கவின் சடாரென்று சரியான பக்கம் திரும்பினான். அம்மாவைப் பார்த்தான், அக்காவின் பாவாடையைப் பிடித்து இழுத்து அவளையும் அம்மா பக்கம் திருப்பினான், இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். நவமணி அவனை மடியில் தூக்கி வைத்து, முடியை ஒதுக்கி, கடுக்கனில்லாத அந்தச் சின்ன இடது காதைப் பாப்பாத்தியம்மாளுக்குக் காட்டினாள்.

"சோடி இங்கதான் இருக்குதுங்கம்மா," என்றாள். "அவன்கிட்டயே இருக்கட்டுமுங்."